கோட்டுக்குக் கீழே எதை எழுதுவது?

2015 டிசம்பர். பாரிஸில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஹாலிவுட் நடிகரும் கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநருமான அர்னால்டு ஸ்வார்ஸ்நேகர் அங்கே போய், இறைச்சியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்றார். அந்தப் பேச்சின் சூடு ஆறுவதற்குள் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு செய்திக்குறிப்பு வெளிவந்தது. லெட்டூஸ் கீரையைத் தின்பது பேக்கனைத் தின்பதைவிட மூன்று மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்குகிறது என்றது அது. பேக்கன் என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி. பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்? கீரை வில்லனாகவும் பன்றி கதாநாயகனாகவும் உலகமெங்கும் தலைப்புகள் ஓடின.

கணக்கில் தப்பு இருந்ததா என்றால், இல்லை. ஆய்வாளர்கள் உணவுகளை ஒப்பிட்டது எடையை வைத்து அல்ல, கலோரியை வைத்து. 100 கிராம் லெட்டூஸில் இருப்பது சுமார் 15 கிலோ கலோரி. அதே எடை வறுத்த பேக்கனில் சுமார் 500 இருக்கும். பேக்கன் தரும் 500 கலோரியைக் கீரையிலிருந்தே எடுக்க வேண்டுமானால் மூன்றே கால் கிலோவுக்கு மேல் மெல்ல வேண்டும். அத்தனை கீரையையும் விளைவித்து, குளிரூட்டிய லாரியில் ஏற்றி, கடையில் குளிர்பெட்டிக்குள் அடுக்கி, வாடியதைக் குப்பையில் கொட்டுவதற்கான செலவு முழுவதையும் அந்த 500 கலோரியின் தலையில் கட்டினால் கீரை தோற்கத்தான் செய்யும். ஆனால் பசியாறுவதற்காக லெட்டூஸ் தின்பவர் யார்?

உண்மையில் அந்த ஆய்வு கீரையைப் பற்றியதே அல்ல. அமெரிக்கர்கள் அரசு பரிந்துரைக்கும் உணவுமுறைக்கு மாறினால் என்ன ஆகும் என்பதே அதன் கேள்வி. கலோரி குறைந்தாலும் பழம், காய்கறி, பால், மீன் ஆகியவை கூடுவதால் பசுங்குடில் வாயு 6 விழுக்காடு அதிகரிக்கும் என்பது அதன் விடை. தலைப்பு எழுதியவர்கள் ஓர் ஒப்பீட்டை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டார்கள்.

உணவையும் காலநிலையையும் பற்றிய விவாதம் எல்லாமே கடைசியில் ஒரு பின்னத்தில் வந்து நிற்கிறது. கோட்டுக்கு மேலே, அந்த உணவு உருவாகும்போது வெளியேறிய வாயு. கோட்டுக்குக் கீழே, அதற்குப் பதிலாகக் கிடைத்த பயன். மேலே உள்ளதை அளப்பதற்கு வயலுக்கும் தொழுவத்துக்கும் போக வேண்டும். கீழே எதை எழுதுவது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அதை மனிதர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரே பட்டியல், மூன்று வரிசை

இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துப் புரட்டும் ஆய்வு 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. ஆக்ஸ்ஃபோர்டின் ஜோசப் பூரும் சுவிட்சர்லாந்து வேளாண் ஆய்வு நிறுவனமான அக்ரோஸ்கோப்பின் தாமஸ் நெமெசெக்கும் 570 ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டினார்கள். 119 நாடுகள், சுமார் 38,700 பண்ணைகள், 40 உணவுப்பொருட்கள். மனிதர்கள் வெளியேற்றும் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய 26 விழுக்காடு உணவின் கணக்கில் சேருகிறது என்பது அவர்கள் கண்ட முதல் முடிவு.

முதலில் கோட்டுக்குக் கீழே '1 கிலோ' என்று எழுதிப் பார்ப்போம். எல்லா வாயுக்களையும் கரியமில வாயுவுக்குச் சமானமாக மாற்றிச் சொன்னால், இறைச்சிக்காகவே வளர்க்கப்படும் மாட்டின் இறைச்சி கிலோவுக்குச் சராசரியாக 99 கிலோ. சீஸ் 24, கோழி 10, அரிசி நாலரை, பால் மூன்றுக்குச் சற்று மேல், தக்காளி இரண்டு, பட்டாணி ஒன்று. சீஸ் பாலைப்போல எட்டு மடங்கு கெட்டது என்று தோன்றும்.

இனி '100 கிராம் புரதம்' என்று மாற்றி எழுதலாம். மாட்டிறைச்சி 50. சீஸ் 10.8, பால் 9.5. எட்டு மடங்கு வித்தியாசம் எங்கே போயிற்று? ஒரு கிலோ சீஸ் செய்ய ஏறத்தாழ பத்து லிட்டர் பால் வேண்டும். பாலில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை எடைபோடுவதை நிறுத்தியதும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. இதைவிட வியப்பான விஷயம் அரிசியில் இருக்கிறது. எடைக் கணக்கில் கோழியின் பாதிகூட இல்லாத அரிசி, புரதக் கணக்கில் 6.3-க்கு ஏறி, 5.7-இல் இருக்கும் கோழியைத் தாண்டிவிடுகிறது. அரிசியில் புரதம் ஏழு விழுக்காடுதான். பட்டாணியோ 0.44-இல் அடியிலேயே கிடக்கிறது.

மூன்றாவதாக '1,000 கிலோ கலோரி'. இப்போது அரிசி 1.2-க்கு இறங்கிவிடுகிறது. தக்காளி 11-க்குத் தாவுகிறது. எடைக்கு எடை பார்த்தால் அரிசியில் பாதிகூட இல்லாத தக்காளி, கலோரிக்குக் கலோரி பார்த்தால் அரிசியைப்போல ஒன்பது மடங்கு.

வயிறு நிரம்பச் சோறு, உடம்பு தேற பருப்பு, ருசிக்கு ரசத்தில் தக்காளி. மூன்றும் ஒரே தட்டில் இருந்தாலும் மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு. ஆற்றலுக்காக உண்பதைக் கலோரியாலும் புரதத்துக்காக உண்பதைப் புரதத்தாலும் வகுப்பதுதான் பொருத்தம். பூரும் நெமெசெக்கும் தங்கள் கட்டுரையில் அப்படித்தான் வகை பிரித்து வைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்குக் கீழே தள்ளும் விளக்கப்படங்கள் பின்னால் வந்தவை.

பரிமாறும் அளவையும் கீழே எழுதலாம். காபித்தூள் கிலோவுக்குச் சராசரி 28.5 கிலோ, பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் ஒரு டம்ளர் ஃபில்டர் காபிக்கு 10 கிராம் தூள் போதும் என்று வைத்தால் அதன் பங்கு 285 கிராம். அதில் ஊற்றும் 100 மில்லி பாலின் பங்கு சுமார் 315 கிராம். பட்டியலில் ஒன்பது மடங்கு கீழே இருக்கும் பால், டம்ளருக்குள் காபித்தூளை முந்திவிடுகிறது.

வயலில் ஒரு கணக்கு

கோட்டுக்கு மேலே உள்ள எண்ணும் வானத்திலிருந்து விழுவதில்லை. அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கே பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. உலகின் பசுங்குடில் வாயுக்களில் கால்நடைகளின் பங்கு 18 விழுக்காடு என்று 2006-இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு சொன்னது. 2009-இல் வேர்ல்ட்வாட்ச் இதழில் வெளியான ஒரு கட்டுரை அதை 51 விழுக்காடு என்றது. மாடுகள் மூச்சுவிடும் கரியமில வாயுவையும் அது கணக்கில் சேர்த்திருந்தது. அந்த வாயு போன பருவத்தில் புல் காற்றிலிருந்து உறிஞ்சியதுதான், காற்றுக்குப் புதிதாக எதுவும் சேரவில்லை என்று மற்ற அறிவியலாளர்கள் மறுத்தார்கள். உணவு வேளாண் அமைப்பே 2013-இல் தன் மதிப்பீட்டை 14.5 விழுக்காடாகத் திருத்திக்கொண்டது.

மேலே உள்ள எண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க நெல் வயல் நல்ல இடம். தண்ணீர் நிற்கும் சேற்றில் காற்று புகாது. அங்கே வாழும் ஒருவகை நுண்ணுயிரிகள் மட்கும் வைக்கோலையும் வேரையும் உண்டு மீத்தேனை வெளியிடுகின்றன. அதன் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே, புகைபோக்கியில் புகை ஏறுவதைப்போல, மேலே வந்து கலக்கிறது.

இதைக் கணக்கிட, காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு, அதாவது ஐ.பி.சி.சி., 2006-இல் ஒரு எளிய சூத்திரம் தந்தது. தொடர்ந்து நீர் நிற்கும் வயலில் ஒரு ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 1.30 கிலோ மீத்தேன். 120 நாள் பயிர் என்றால் 156 கிலோ. ஒரு கிலோ மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று கொண்டால், 156-ஐ 27-ஆல் பெருக்க 4,212 கிலோ வருகிறது. ஹெக்டேருக்கு 5 டன் நெல் விளைந்து, அதை அரைத்தால் சுமார் 3.3 டன் அரிசி கிடைக்கிறது என்று வைப்போம். வகுத்தால், ஒரு கிலோ அரிசிக்கு மீத்தேன் வகையில் மட்டும் 1.28 கிலோ. உரம், டீசல், அரவை எல்லாம் இதற்கு மேல்.

இந்த வகுத்தலில் விளைச்சல் கீழே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் நின்ற நாட்கள் அப்படியே இருக்க, விளைச்சல் பாதியாகிப் போனால் கிலோவுக்கான எண் இரட்டிப்பாகி 2.55 ஆகிவிடும். பொய்த்துப்போன பருவத்தின் பழியும் விளைந்த சில மூட்டைகளின் மேல்தான் விழுகிறது.

சூத்திரத்தில் இன்னும் சில பெருக்கல் எண்கள் உண்டு. நடவுக்கு முந்திய 30 நாட்களுக்குள் வைக்கோலை மடக்கி உழுதால் அதன் மதிப்பு 1. அதே வைக்கோலை அதற்கு முன்பே உழுதுவிட்டால் 0.29. தழையுரம் 0.5, தொழுவுரம் 0.14, மட்கிய கம்போஸ்ட் 0.05. மண்ணுக்கு நல்லது என்று போடும் இயற்கை உரங்களுக்குள்ளேயே, சேற்றில் போய் மட்குவதா வெளியில் மட்கிவிட்டு வருவதா என்பதைப் பொறுத்து இத்தனை வித்தியாசம்.

நீரைக் கையாளும் விதத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. வயலை அவ்வப்போது காயவிட்டுப் பாய்ச்சினால் 0.52-ஆல் பெருக்க வேண்டும். தமிழ்நாட்டு விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லும் முறைதான் இது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஒரு மலிவான கருவியைப் பரப்பியது. ஒரு முழத்துக்கும் குறைவான பிளாஸ்டிக் குழாயின் அடிப்பாதியில் துளைகள் போட்டு வயலில் புதைத்துவிடுகிறார்கள். குழாய்க்குள் தெரியும் நீர்மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே இறங்கும்வரை தண்ணீர் விட வேண்டியதில்லை. மேலே நிலம் காய்ந்து வெடித்திருந்தாலும் வேருக்குத் தண்ணீர் எட்டுகிறது என்று குழாய் சொல்லிவிடும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். மண்ணுக்குள் காற்று புகுந்ததும் மீத்தேன் நுண்ணுயிரிகள் அடங்கிப் போகின்றன. 1.28 கிலோவாக இருந்தது 0.66-க்கு இறங்குகிறது. காற்று புகும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு பசுங்குடில் வாயு கொஞ்சம் கூடும் என்பதால், கிடைத்த லாபத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கழிக்க வேண்டியிருக்கும்.

நூறு ஆண்டா, இருபது ஆண்டா?

மேலே 27 என்ற எண்ணைப் போகிறபோக்கில் பெருக்கிவிட்டோம். அது எங்கிருந்து வந்தது?

மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகளே தாக்குப்பிடிக்கும். இருக்கும்வரை கடுமையாகச் சூடேற்றும். கரியமில வாயுவில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கிவிடும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க, இன்று வெளியேறும் ஒரு கிலோ அடுத்த நூறு ஆண்டுகளில் மொத்தம் எவ்வளவு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று கூட்டிப் பார்க்கிறார்கள். நூறாண்டு என்பது இயற்கை விதித்த எல்லை இல்லை; ஒரு வசதிக்காக வைத்துக்கொண்டது. அதை இருபது ஆண்டாகக் குறைத்தால் மீத்தேனின் மதிப்பு 80-க்கு எகிறுகிறது. முன்பு போட்ட நெல் கணக்கில் 27-ஐ அழித்துவிட்டு 80 என்று எழுதினால், அதே வயல், அதே அரிசி, கிலோவுக்கு 1.28-லிருந்து 3.8 ஆகிவிடுகிறது. நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் இந்த ஆட்டத்தில் அசையாது. இரண்டு கால அளவிலும் அதன் மதிப்பு 273.

ஆகவே அடுத்த இருபதாண்டு வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு மாடும் ஆடும் நெல்லும் பெரிதாகத் தெரியும். நூற்றாண்டின் முடிவைப் பார்ப்பவருக்கு டீசலும் நிலக்கரியும் பெரிதாகத் தெரியும். இருவரும் ஒரே தரவைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டின் மைல்ஸ் ஆலனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018-இல் இந்தத் தராசையே கேள்வி கேட்டார்கள். மீத்தேன் ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீர். ஊற்றும் வேகம் மாறாதவரை மட்டம் ஏறுவதில்லை. கரியமில வாயு ஓட்டையில்லாத குடத்தில் ஊற்றுவது; வேகம் மாறாவிட்டாலும் மட்டம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே பல பத்தாண்டுகளாக எண்ணிக்கை மாறாத மாட்டு மந்தையையும் ஆண்டுதோறும் பெருகும் மந்தையையும் ஒரே எண்ணால் பெருக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். கால்நடை வளர்ப்போர் இதை ஆவலோடு பிடித்துக்கொண்டார்கள். எதிர்வாதமும் உடனே வந்தது. மட்டம் ஏறவில்லை என்பதற்காக, ஏற்கெனவே ஏறி நிற்கும் மட்டத்துக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுமா? நெடுங்காலமாகப் பெரிய மந்தை வைத்திருக்கும் நாடு தப்பித்துக்கொள்ள, இப்போதுதான் இரண்டு மாடு வாங்கும் ஏழை நாடு மாட்டிக்கொள்ளாதா? நியூசிலாந்து 2019-இல் இயற்றிய சட்டத்தில் கால்நடையும் கழிவும் வெளியிடும் மீத்தேனுக்கு ஓர் இலக்கும் மற்ற வாயுக்களுக்கு வேறோர் இலக்கும் வைத்து, இரண்டையும் கூட்டாமலே விட்டுவிட்டது.

இரண்டு மாடுகள்

ஐ.பி.சி.சி.யின் 2006 கையேட்டில் கறவை மாடுகளுக்கு ஓர் அட்டவணை உண்டு. வட அமெரிக்கக் கறவை மாடு ஆண்டுக்குச் சராசரியாக 128 கிலோ மீத்தேனை ஏப்பமாக விடுகிறது. இந்தியத் துணைக்கண்டத்து மாடு 58 கிலோ. பாதிக்கும் குறைவு. இதை மட்டும் படித்தால் நம்மூர் மாட்டுக்கு மாலை போடத் தோன்றும்.

அதே அட்டவணையில் பக்கத்துக் கட்டத்தில் பால் அளவு இருக்கிறது. வட அமெரிக்க மாடு ஆண்டுக்கு 8,400 கிலோ, துணைக்கண்டத்து மாடு 900 கிலோ. வகுத்துப் பார்த்தால் அங்கே ஒரு கிலோ பாலுக்கு 15 கிராம் மீத்தேன், இங்கே 64 கிராம். கரியமில வாயுச் சமானமாக மாற்றினால் அங்கே 0.41 கிலோ, இங்கே 1.74 கிலோ. மாட்டால் வகுத்தபோது பாதியாக இருந்தது, பாலால் வகுத்தபோது நான்கு மடங்குக்கு மேல் போய்விட்டது. பால் குறைவாகக் கறக்கும் மாடும் உயிர் வாழ்வதற்குத் தீனி தின்றே ஆக வேண்டும். அந்தத் தீனியின் ஏப்பம் முழுவதும் கொஞ்சம் பாலின் மேல் ஏறுகிறது.

ஆனால் துணைக்கண்டத்து மாடு பாலுக்காக மட்டுமா நின்றது? சாணம் எருவாகவும் வறட்டியாகவும் போகிறது. கன்று விலைக்குப் போகிறது. பல ஊர்களில் இன்னும் ஏர் இழுக்கிறது. அது தின்பதில் பெரும்பகுதி வைக்கோலும் தவிடும் பிண்ணாக்கும், அதாவது மனிதர் தின்ன முடியாத மிச்சம். கோட்டுக்குக் கீழே பால் என்று மட்டும் எழுதும்போது இவை எல்லாவற்றின் செலவும் பால் செம்பில் ஊற்றப்படுகிறது. அமெரிக்க மாட்டின் கணக்கிலும் இதே போல ஒன்று மறைந்திருக்கிறது. அது தின்னும் மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்குமான உரம், டீசல், நிலம் எதுவும் இந்த ஏப்பக் கணக்கில் வரவில்லை.

ஒரு விலங்கு பல பொருட்களைத் தரும்போது சுமையை எப்படிப் பங்கு பிரிப்பது? சிலர் எடையை வைத்துப் பிரிக்கிறார்கள், சிலர் புரதத்தை வைத்து, சிலர் சந்தை விலையை வைத்து. பூரும் நெமெசெக்கும் விலையை வைத்தே பிரித்தார்கள். அதன் விளைவை அவர்களுடைய பட்டியலிலேயே பார்க்கலாம். இறைச்சிக்காகவே வளர்த்த மாட்டின் 100 கிராம் புரதத்துக்கு 50 கிலோ. கறவை முடிந்த மாட்டின் இறைச்சிக்கு 17 கிலோ. இரண்டும் மாடுதான். இரண்டாவது மாட்டின் வாழ்நாள் சுமையில் பெரும்பகுதியைப் பால் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுவிட்டது.

பதினெட்டாயிரம் கிலோமீட்டர்

1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் உணவுக் கொள்கைப் பேராசிரியர் டிம் லாங் 'உணவு மைல்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தூரத்திலிருந்து வரும் உணவு கெட்டது, பக்கத்தில் விளைவது நல்லது. யாருக்கும் சட்டென்று பிடிபடும் வாதம். பிரிட்டனுக்கு ஆட்டிறைச்சி அனுப்பும் நியூசிலாந்துக்கு இது வயிற்றைக் கலக்கியது. கப்பல் வழியே சுமார் 18,000 கிலோமீட்டர்.

2006-இல் நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் ஒரு பதில் கணக்குப் போட்டது. ஒரு டன் ஆட்டிறைச்சியை வளர்த்து, பிரிட்டன் துறைமுகம் வரை கொண்டுவந்து சேர்க்க 688 கிலோ கரியமில வாயு. பிரிட்டனிலேயே வளர்த்தால் 2,849 கிலோ. நியூசிலாந்தில் ஆடுகள் ஆண்டு முழுவதும் புல்வெளியில் மேய்கின்றன. உரமும் தீவனமும் குறைவு. மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்மின்சாரம். பிரிட்டிஷ் ஆடு கணக்கில் படுதோல்வி.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. அந்த ஆய்வு ஆற்றல் செலவால் வரும் கரியமில வாயுவை மட்டுமே கணக்கில் எடுத்தது. ஆட்டின் ஏப்பத்தை எடுக்கவில்லை. இரு நாட்டு ஆடுகளும் ஏப்பம் விடுகின்றன என்பதால் அதைச் சேர்த்ததும் நான்கு மடங்கு என்ற இடைவெளி பெரிதும் சுருங்கிவிடும். கப்பலைப் பற்றி ஆய்வு சொன்னது மட்டும் நிற்கிறது.

கப்பல் ஏன் இத்தனை சாது என்பதற்குப் பெருக்கல் வாய்ப்பாடு போதும். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகக் கப்பலுக்கு 10 முதல் 20 கிராம் கரியமில வாயு ஆகிறது. லாரிக்குச் சுமார் 200 கிராம். விமானத்துக்கு 1,130 கிராம். ஒரு கிலோ பழத்தை 10,000 கிலோமீட்டர் கொண்டுவந்தால் கப்பலில் 100 முதல் 200 கிராம். விமானத்தில் 11 கிலோவுக்கு மேல். நல்லவேளையாக, உலகில் உணவு பயணிக்கும் டன்-கிலோமீட்டரில் விமானத்தின் பங்கு 0.16 விழுக்காடுதான். கெட்டுப்போவதற்குள் வந்து சேர வேண்டிய பெர்ரிப் பழமும் பச்சை பீன்ஸும்தான் பெரும்பாலும் அப்படிப் பறக்கின்றன.

கார்னகி மெலனிலேயே கிறிஸ்டோபர் வெபரும் ஸ்காட் மேத்யூஸும் 2008-இல் அமெரிக்கக் குடும்பங்களின் உணவை எடுத்துப் பார்த்தார்கள். உணவின் மொத்த உமிழ்வில் 83 விழுக்காடு உற்பத்தியிலேயே முடிந்துவிடுகிறது. பண்ணையிலிருந்து கடைக்கு வரும் கடைசிப் பயணம் வெறும் 4 விழுக்காடு. வாரத்தில் ஒரு நாளுக்கும் குறைவான அளவு கலோரியைச் சிவப்பு இறைச்சி, பாலிலிருந்து கோழி, மீன், முட்டை அல்லது காய்கறிக்கு மாற்றினாலே போதும். எல்லாவற்றையும் உள்ளூரில் வாங்குவதால் கிடைக்கும் பலனைவிட அது அதிகம்.

சராசரி யாருடையது?

மாட்டிறைச்சிக்குக் கிலோவுக்கு 99 என்ற எண்ணை முதலில் பார்த்தோம். பல விளக்கப்படங்களில் அதே மாட்டிறைச்சிக்கு 60 என்று போட்டிருக்கும். இரண்டும் பூர், நெமெசெக் தரவிலிருந்தே வந்தவை. பண்ணைகளை வரிசையாக நிறுத்தி நட்டநடுவில் இருப்பதைப் பார்த்தால் 60. எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் 99. சராசரி இத்தனை உயரத்துக்குப் போகிறது என்றால், சில பண்ணைகள் அதை மேலே இழுக்கின்றன என்று பொருள். காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கும்போது மரங்களில் இருந்த கரி முழுவதும் அந்த மாடுகளின் கணக்கில் ஏறுகிறது.

புரதக் கணக்கில் பார்த்தால் விரிவு இன்னும் தெளிவு. மாட்டிறைச்சியில் மிகக் குறைவாக உமிழும் பத்தில் ஒரு பங்கின் எல்லை 100 கிராம் புரதத்துக்கு 20 கிலோ. மிக அதிகமாக உமிழும் பத்தில் ஒரு பங்கு 105-இல் தொடங்குகிறது. மோசமான கால் பங்கு உற்பத்தியாளர்களிடமிருந்து மட்டும் மொத்த உமிழ்வில் 56 விழுக்காடு வருகிறது. மாட்டிறைச்சி என்று ஒரே பெயரில் விற்கப்படும் பொருளுக்குள் ஐந்து மடங்கு வித்தியாசம்.

இந்த விரிவு சில சமயம் வரிசையையே புரட்டிவிடும். மழைக்காட்டை வெட்டிவிட்டு நட்ட கோகோவில் செய்த சாக்லேட், நன்றாக நடத்தப்படும் பண்ணையின் மாட்டிறைச்சியை மிஞ்சிவிடக்கூடும். நிழல்மரங்களுக்கு நடுவே பழைய தோட்டத்தில் விளைந்த கோகோ ஏறக்குறைய சுமையே இல்லாமல் வரும். கடையில் இரண்டுக்கும் ஒரே பளபளப்பான உறை. தக்காளியும் இப்படித்தான். வெயிலில் காய்த்ததற்கும் குளிர்நாட்டில் எரிவாயு எரித்துச் சூடேற்றிய கண்ணாடிக் கூடத்தில் காய்த்ததற்கும் ருசியில் இருக்கும் வித்தியாசத்தைவிட வாயுவில் இருக்கும் வித்தியாசம் பெரிது.

எது அசைந்தது, எது அசையவில்லை

இத்தனை பிடிப்புகளையும் திருகிப் பார்த்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது? வகுக்கும் எண்ணை மாற்றியபோது அரிசியும் கோழியும் இடம் மாறிக்கொண்டன. சீஸும் பாலும் ஒட்டிக்கொண்டன. தக்காளி மேலும் கீழும் குதித்தது. இவற்றில் எது நல்லது என்ற கேள்விக்கு, எந்தக் கணக்கில் என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

ஆனால் சில இடங்கள் அசையவே இல்லை. கிலோவால் வகுத்தாலும் புரதத்தால் வகுத்தாலும் கலோரியால் வகுத்தாலும் புரதத்துக்காக உண்பவற்றில் மாட்டிறைச்சி உச்சியிலேயே இருக்கிறது. பட்டாணியும் பருப்பும் அடியை விட்டு நகரவில்லை. சிறந்த பத்தில் ஒரு பங்கு மாட்டிறைச்சியின் 20 கிலோவைப் பட்டாணியின் சராசரி 0.44-ஓடு ஒப்பிட்டால்கூட இடைவெளி 45 மடங்கு. பட்டாணியின் புரதம் இறைச்சிப் புரதத்துக்கு ஈடில்லை என்று வாதாடி, அதற்காகப் பட்டாணியின் எண்ணை இரண்டால் பெருக்கினாலும் 20 மடங்குக்குக் குறையாது. மீத்தேனை இருபதாண்டுத் தராசில் வைத்தால் இந்த இடைவெளி விரியும். ஆலனின் முறையில் போட்டு மீத்தேனை வெகுவாகக் குறைத்துக்கொண்டாலும் நிலம் மிச்சம் இருக்கிறது. 100 கிராம் மாட்டிறைச்சிப் புரதத்துக்குச் சராசரியாக 164 சதுர மீட்டர் நிலம் தேவைப்படுகிறது. பட்டாணிக்கு 3.4 போதும். மீதி நிலத்தில் காடு திரும்ப வளர்ந்தால் அது உறிஞ்சும் கரி, மேலே போட்ட எந்தப் பின்னத்திலும் இன்னும் எழுதப்படவில்லை. இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் எல்லாம் சேர்ந்து உலக வேளாண் நிலத்தில் 83 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு, கலோரியில் 18 விழுக்காட்டையும் புரதத்தில் 37 விழுக்காட்டையும் தருகின்றன.

இந்தக் கணக்குகள் ஆய்விதழ்களிலிருந்து அரசின் கருவூலத்துக்கும் வந்துவிட்டன. 2024-இல் டென்மார்க் அரசு, விவசாயிகள் அமைப்பு, சுற்றுச்சூழல் அமைப்பு ஆகியவற்றோடு பேசி, கால்நடைகளின் வாயுவுக்கு வரி விதிக்க உடன்பாடு கண்டது. 2030-இல் டன்னுக்கு 300 குரோனர், 2035-இல் 750. வரி கேட்பவர்கள் லிட்டர் பாலையோ கிலோ இறைச்சியையோ பார்ப்பதில்லை. கோட்டுக்கு மேலே உள்ள எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு சலுகை உண்டு. அந்தந்த வகைக் கால்நடையின் சராசரி உமிழ்வில் 60 விழுக்காட்டுக்கு வரி கிடையாது. சராசரி அளவு வாயு விடும் விவசாயிக்கு மீதி 40 விழுக்காட்டுக்கு மட்டும் வரி என்பதால், 300 குரோனர் அவரைப் பொறுத்தவரை 120 ஆகிறது. சராசரியைப்போல இரு மடங்கு விடுபவரோ 140 விழுக்காட்டுக்குக் கட்ட வேண்டும்: வாயு இரண்டு மடங்கு, வரி மூன்றரை மடங்கு. உமிழ்வைச் சராசரியின் 60 விழுக்காட்டுக்கு இறக்கிக்கொண்டவர் ஒரு குரோனரும் கட்ட வேண்டியதில்லை.